ஆண்டுக்கொரு முறை திறந்த கதவு

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு வியாபாரி கலியாணசுந்தர முதலியார் தம் தாயார் நினைவாகக் கட்டிய தருமப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாசல்கள். கிழக்கு வாசல் தெருவைப் பார்த்தது. எல்லோரும் அதன் வழியாகவே வந்து போனார்கள். மேற்கு வாசல், பெண்கள் படுத்திருக்கும் நீண்ட கூடத்தின் கோடியில் இருந்தது. அது ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் திறக்கும். ஜில்லா வைத்திய அதிகாரி பரிசோதனைக்கு வரும் நாள் அது.

முதல் நாள் மாலை தச்சர் வந்து, கதவின் மேல் குறுக்காக அடித்திருந்த பலகையின் ஆணிகளைப் பிடுங்குவார். மறுநாள் அந்த அதிகாரி துரை வருவார். கதவைத் தள்ளுவார். அது திறக்கும். "வெரிகுட்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுவார். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் தச்சர் சுத்தியலோடு வந்துவிடுவார்.

வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும் திறக்கும் கோயில் வாசலை நினைத்து, பிள்ளை பெற வந்த பெண்கள் அந்தக் கதவுக்குச் சொர்க்கவாசல் என்று பேர் வைத்திருந்தார்கள். அங்கே ஆயாவாக வேலை பார்த்த மங்கையர்க்கரசி அம்மாளுக்கு மட்டும் அந்தப் பேர் பிடிக்காது.

"சொர்க்கவாசல் செத்தவங்க போற வழிம்மா. எனக்கு உசுரோட போறதுக்கு ஒரு வாசல் வேணும்" என்பார்.

கதவை ஏன் அடைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு அப்பால் ஒரு சிறிய பெருமாள் கோயிலின் நந்தவனம் இருந்தது. துளசியும் நந்தியாவட்டையும் முல்லையும் வளர்ந்த தோட்டம். சுவாமிக்குச் சாத்தும் மாலைகள் அங்கிருந்துதான் போயின. பிள்ளை பெற்றவள் தீட்டுக்காரி. அவள் காற்று பூவின்மேல் படக்கூடாது என்று கோயில் தர்மகர்த்தா ஹயக்ரீவாச்சாரியார் சொன்னார். முதலியார் தலையாட்டினார். ஆஸ்பத்திரிக்காரர்கள் பிடுங்கிவிடாதபடி பலகையைத் தோட்டத்துப் பக்கமாக அடித்தார்கள். தேவகி பிள்ளை பெற்ற இரவில் சிறைச்சாலைக் கதவுகள் தாமாகத் திறந்துகொண்ட கதையை ஆண்டுதோறும் கண்ணீர் மல்கக் கேட்கிறவர்கள்தாம், பிரசவக் கூடத்தின் கதவுக்கு ஆணி அடித்தார்கள்.

மங்கையர்க்கரசி அம்மாள் நெசவாளர் வீட்டுப் பெண். கதவு விஷயத்தில் அவர் அவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் வாழ்க்கைப்பட்ட வீடு, தறிக்காரர் வீடுகள் எல்லாவற்றையும் போல, முன்னால் தறிக்குழியும் பின்னால் அடுப்புமாக நீண்டு ஒடுங்கிய கூரை வீடு. கொல்லைப்புறக் கதவு குடும்பத்துக்கு ஆகாத திசையில் இருக்கிறது என்று ஒரு ஜோசியர் சொல்ல, மாமனார் அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். ஒரு கத்திரி வெயிலில் தெருவே தீப்பற்றியது. வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் தறியில் முக்கால்வாசி நெய்த கூறைப்புடவை இருந்தது. பட்டும் சரிகையும் முதலாளியுடையவை. அதை அறுத்தெடுத்து வர அவருடைய கணவர் மறுபடியும் உள்ளே ஓடினார். முன்புறக் கூரை சரிந்தது. பின்புறத்தில் வழி இல்லை. அவர் உள்ளிருந்து செங்கல் சுவரைக் கையால் தட்டிய சத்தம் கொல்லையில் நின்றிருந்த மங்கையர்க்கரசி அம்மாளுக்குக் கேட்டது.

இதை அவர் யாரிடமும் விவரித்துச் சொன்னதில்லை. "தட்டிக்கினே இருந்தாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

குடும்பத்துக்கு ஆகாத திசை எது என்று பிறகு அந்த ஜோசியரை யாரும் கேட்கவில்லை. விதவையான மருமகள்தான் ஆகாதவள் என்று வீட்டில் முடிவு செய்தார்கள்.

சென்னையில் படித்துவிட்டு வந்த லில்லி என்னும் மருத்துவச்சி அம்மாள் அப்போது ஆஸ்பத்திரிக்கு ஆயா தேடிக்கொண்டிருந்தார். பிரசவ அழுக்கைத் துடைக்கும் வேலைக்கு மேல்சாதிப் பெண்கள் வரமாட்டார்கள். வருகிறவர்களைச் சில நோயாளிகள் தொடவிடமாட்டார்கள். மங்கையர்க்கரசி அம்மாள் போய் நின்றார். சேர்ந்த அன்றே சொந்தக்காரர்கள் அவரை விலக்கி வைத்தார்கள். பட்டினி கிடந்தபோது எட்டிப் பார்க்காத உறவு, வேலைக்குப் போனதும் மானம் போய்விட்டதென்று கூச்சலிட்டது. அவர் கவலைப்படவில்லை. கூடத்தைத் துடைத்தார், வெந்நீர் வைத்தார், குழந்தைகளைக் குளிப்பாட்டினார். முதல் வாரத்திலேயே மேற்குக் கதவைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

அன்றிலிருந்து அவர் அதை விடவில்லை. லில்லி அம்மாளிடம் சொன்னார். லில்லி அம்மாள் முதலியாரிடம் சொன்னார். "ஆகட்டும் பார்க்கலாம்" என்றார் முதலியார். அடுத்த ஆண்டும் அதையே சொன்னார்.

கதவுக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று உண்டு. நந்தவனத்தைக் கவனித்து மாலை கட்டும் பாச்சா ஐயங்காருக்கும் மங்கையர்க்கரசி அம்மாளுக்கும் அந்த ஜன்னல் வழியாக நாள்தோறும் சண்டை.

"ஏம்மா மங்கை, தீட்டுத் துணிய ஜன்னல்ல போடாதேன்னு எத்தனை தரம் சொல்றது? கீழே முல்லைப் பந்தல் இருக்கு, கண் தெரியலையா?"

"தெரியுது சாமி. நீங்க அந்தப் பலகையப் பேத்துட்டீங்கன்னா, துணிய எடுத்துக்கினு அந்தாண்ட வந்து காய வச்சிடுவேன்."

"அந்தாண்டையா! பெருமாள் சொத்துடி அது."

"பெருமாள் இன்னா, நேத்து கட்டின மாலைய இன்னிக்கு வேணாங்கிறாரு. அம்மாம் பெரிய தோட்டத்துல எங்களுக்கு நடக்க ஒரு அடி தரமாட்டாரா?"

"தருவார். நான் தரமாட்டேன்."

இப்படித்தான் முடியும். மறுநாள் பாச்சா ஐயங்கார் ஜன்னலருகே நின்று, "அந்த வாலாஜாபாத் பொண்ணுக்கு வலி கண்டுடுத்தா?" என்று கேட்பார். கோபக்காரர், ஆனால் கல்நெஞ்சர் அல்ல. ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். அவர்கள் நெஞ்சில் ஈரம் இருக்கும். கை மட்டும் சாத்திரம் அடித்த பலகையைத் தொட அஞ்சும்.

ஓர் ஆண்டு தை மாதத்தில் ஆஸ்பத்திரியின் ஆண்டுவிழா நடந்தது. கிழக்கு வாசல் முழுவதையும் மறைத்துத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார்கள். விழா முடிந்து பங்குனி பிறந்தும் பந்தலைப் பிரிக்கவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு நிழலாக இருக்கிறதே என்று விட்டுவைத்தார்கள். கீற்று வெயிலில் காய்ந்து, கை பட்டால் நொறுங்கியது. வாசலில் தீயணைப்பதற்கென்று சிவப்புச் சாயம் பூசிய வாளிகள் தொங்கவேண்டும். அவை முதலியார் மகள் கல்யாணத்துக்குச் சாம்பார் பரிமாறப் போனவை, திரும்பவில்லை. பரிசோதனை நாளில் மட்டும் அவையும் வரும்.

"பந்தலையாச்சும் பிரிக்கச் சொல்லுங்கம்மா" என்று மங்கையர்க்கரசி அம்மாள் லில்லி அம்மாளை நச்சரித்தார். லில்லி அம்மாள் மறுபடி முதலியாரிடம் போனார்.

"ஆயாவுக்கு எப்பப் பார்த்தாலும் நெருப்பு நெனப்பு. புருஷன் போன பயம். கூடம் துடைக்கிற வேலையைப் பார்க்கச் சொல்லுங்க. இஷ்டமில்லேன்னா வேற ஆள் வச்சுக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் முதலியார்.

வேலை போனால் மங்கையர்க்கரசி அம்மாளுக்குப் போக இடம் இல்லை. அது அவருக்கும் தெரியும், முதலியாருக்கும் தெரியும்.

நம் பெண்களிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்கு ஊற்றினால், தணல் சட்டியில் சாம்பிராணி போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, கூந்தலை விரித்துப் புகை காட்டவேண்டும். இல்லாவிட்டால் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்பார்கள். கூடத்தில் தணல் கூடாது என்று லில்லி அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகையால் பாட்டிமாரும் தாய்மாரும் அதைத் திருட்டுத்தனமாகச் செய்தார்கள்.

பங்குனியில் ஒருநாள் காலை ஒரு பெண்ணின் தாயார் கிழக்கு வாசல் பந்தலடியில் மகளை உட்கார்த்திப் புகை காட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே லில்லி அம்மாளின் குரல் கேட்டதும் பயந்து, கூடையைச் சட்டியின்மேல் கவிழ்த்துப் பந்தல் தட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு, மகளை எழுப்பி உள்ளே கூட்டிப்போனாள். மறைத்தாயிற்று என்று நினைத்தாள். கூடை மூங்கில். தட்டி காய்ந்த கீற்று.

மங்கையர்க்கரசி அம்மாள் அப்போது ஒரு குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூடத்துக்குள் வெளிச்சம் திடீரென்று மஞ்சளாக மாறியதை முதலில் பார்த்தவர் அவர்தான். கிழக்கு வாசலின் நிலைக்கு அப்பால் பந்தல் முழுவதும் எரிந்தது. தெருவில் ஆட்கள் கத்தினார்கள். யாராலும் கிட்டே வர முடியவில்லை. புகை கூடத்துக்குள் திரும்பியது. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. பெண்கள் எழ முடிந்தவர்களும் முடியாதவர்களுமாகக் குழந்தைகளை அள்ளிக்கொண்டு அலறினார்கள். வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த இந்திராணி என்ற பெண்ணுக்கு வலி எடுத்திருந்தது; லில்லி அம்மாள் அவளைக் கட்டிலோடு மேற்கே இழுத்தார்.

மங்கையர்க்கரசி அம்மாள் ஜன்னலுக்கு ஓடினார். பாச்சா ஐயங்கார் பாத்தி நடுவே கடப்பாரையுடன் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி! பலகையப் பேருங்க!"

அவர் அசையவில்லை. "தர்மகர்த்தா..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

மங்கையர்க்கரசி அம்மாள் கதவிடம் போய் இரண்டு கைகளாலும் தட்டத் தொடங்கினார். பல ஆண்டுகளுக்குமுன் ஒரு சுவரின் வெளிப்புறத்தில் நின்று கேட்ட சத்தத்தை, இப்போது உள்ளே நின்று அவரே எழுப்பினார்.

வெளியே இரும்பு மரத்தைக் குத்தும் ஓசை கேட்டது. பலகை பிளந்தது. கதவு திறந்தபோது பாச்சா ஐயங்காரின் குடுமி அவிழ்ந்து தோளில் கிடந்தது. அவர் ஒதுங்கி நிற்கவில்லை. உள்ளே வந்து கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

ஒருவரும் சாகவில்லை. ஒரு பெண்ணுக்குக் கையில் கொப்புளம். ஊரார் கிணற்று நீரை இறைத்து ஊற்றி முன்தாழ்வாரத்தோடு தீயை நிறுத்தினார்கள். பெண்கள் நந்தவனத்தில் துளசிப் பாத்திகளுக்கும் முல்லைப் பந்தலுக்கும் நடுவே பிற்பகல்வரை படுத்திருந்தார்கள். இந்திராணிக்கு அங்கேயே, மகிழமரத்தடியில், பெண் குழந்தை பிறந்தது.

"துளசி வனத்துல பொண் குழந்தை" என்றார் பாச்சா ஐயங்கார், முதுகைத் திருப்பி நின்றபடி. "நம்மவாளுக்கு இது ஒண்ணும் புதுசில்லையே."

"நல்லா சொன்னீங்க. அந்தக் குழந்தைக்குத் தீட்டுன்னு யாராச்சும் சொன்னாங்களா சாமி?" என்று கேட்டார் மங்கையர்க்கரசி அம்மாள். அவருடைய கைகள் இரண்டும் வீங்கியிருந்தன.

மறுநாள் முதலியாரும் தர்மகர்த்தாவும் வந்தார்கள். பிளந்த பலகையைப் பார்த்துக்கொண்டு, திறந்த கதவின் முன்னால் நின்றார்கள். ஹயக்ரீவாச்சாரியார் முதல் நாள் முழுவதும் வாலாஜாபாத்தில் நிலம் பார்க்கப் போயிருந்தவர். மாலையில் நேரே சுவாமி புறப்பாட்டுக்கு வந்து இறங்கியவர். நடந்ததெல்லாம் அன்று காலைதான் அவர் காதுக்கு வந்தது.

"மண்ணை வெட்டி எடுத்துடணும். செடியெல்லாம் பிடுங்கிடணும். புண்ணியாகவாசனம் பண்ணித் தீட்டு கழியறவரைக்கும் ஒரு புஷ்பம் கோயிலுக்கு வரப்படாது" என்றார் அவர். "கதவையும் பலகையால அடிச்சா பிரயோஜனமில்லை முதலியார்வாள். செங்கல் வச்சே மூடிடுங்கோ."

"செய்துடலாங்க" என்றார் முதலியார்.

மங்கையர்க்கரசி அம்மாள் கதவு நிலைக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"இன்னாமா?" என்றார் முதலியார்.

"செங்கல்ல அடைச்ச கதவு ஒண்ணை நான் பார்த்திருக்கேங்க. இன்னொண்ணு பார்க்கமாட்டேன். அடைக்கிறதுன்னா என்னை வெளிய அனுப்பிட்டு அடைங்க."

"ஆயா, யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா? உன் கணக்கை இன்னிக்கே தீர்த்துடுவேன்."

"தீருங்க. நேத்து இந்தக் கதவு தொறக்கலேன்னா இத்தினி பேர் கணக்கும் தீர்ந்திருக்கும். உங்க அம்மா பேருதான் வாசல்ல எழுதியிருக்குது."

லில்லி அம்மாள் வந்து ஆயாவின் பக்கத்தில் நின்றுகொண்டார். முதலியார் தர்மகர்த்தாவைப் பார்த்தார். தர்மகர்த்தா தோட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஓய் பாச்சா! இங்கே வாரும். நேத்து இந்தப் பொம்மனாட்டிகள் எந்தெந்தப் பாத்தியிலே இருந்தா? அதெல்லாம் களையணும்."

பாச்சா ஐயங்கார் வந்து, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"எல்லாப் பாத்தியிலேயும் இருந்தா சுவாமி."

"சரி, எல்லாத்தையும் களையும்."

"களையலாம். நேத்து சாயங்காலம் பெருமாளுக்குச் சாத்தினதை என்ன பண்றது?"

"என்ன சொல்றீர்?"

"புறப்பாட்டு மாலை. அவா படுத்திண்டிருக்கச்சேயே நடுவிலே போய் மொக்கு பறிச்சேன். வேறே புஷ்பத்துக்கு எங்கே போறது? கட்டி அனுப்பினேன். பெருமாள் சாத்திண்டு நாலு வீதியும் எழுந்தருளினார். அப்புறம்..." அவர் கொஞ்சம் தயங்கினார். "அப்புறம் அந்த மாலையைத்தான் தேவரீருக்கு மரியாதையா கழுத்திலே போட்டா."

ஹயக்ரீவாச்சாரியாரின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. மாலை அங்கே இல்லை. வீட்டில் சுவாமி படத்துக்குப் போட்டிருந்தார்.

விஷயத்தை வெளியே விட்டால் என்ன ஆகும் என்று எல்லோரும் மனத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். கோயிலுக்குப் பிராயச்சித்தம், தர்மகர்த்தாவுக்குப் பிராயச்சித்தம், தீர்த்தமும் துளசியும் வாங்கிய தெருக்காரர்களுக்கெல்லாம் பிராயச்சித்தம். கோயிலில் மற்றவர்களுக்கும் இது தெரிந்துதான் இருக்கவேண்டும். புறப்பாடு நின்றால் பிரசாதம் நிற்கும் என்று அவர்களும் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

"துளசிக்குத் தோஷமில்லைன்னு ஒரு வாக்கியம் இருக்கு" என்றார் ஹயக்ரீவாச்சாரியார் கடைசியில், மெதுவாக. "பெருமாளே ஏத்துண்டுட்டார்னா, அது அவர் சித்தம்."

"அப்ப செடிக்கு இல்லை, பூவுக்கு இல்லை, மாலைக்கு இல்லை" என்றார் மங்கையர்க்கரசி அம்மாள். "கதவுக்கு மட்டும் இன்னாத்துக்குங்க தீட்டு?"

முதலியார் தொண்டையைச் செருமினார். "இப்போதைக்கு இருக்கட்டும்."

"இப்போதைக்கு வேணாங்க. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுத்துடுங்க. நாங்களே தொறந்துக்குவோம்."

தாழ்ப்பாள் வந்தது. சிவப்பு வாளிகளும் முதலியார் வீட்டிலிருந்து வந்தன. ஒன்றின் அடியில் சாம்பார்க் கறை போகாமல் இருந்தது. பந்தலை மறுபடி போடவே இல்லை.

பிறகு ஒருநாள் ஜன்னலருகே மங்கையர்க்கரசி அம்மாள் பாச்சா ஐயங்காரிடம் கேட்டார், அன்று அவர் ஏன் பலகையை உடைத்தார் என்று.

"ஏன்னு கேட்டா? நீ தட்டினது காதிலே விழுந்தது. கடப்பாரை கையிலே இருந்தது. யோசிக்க நேரமில்லே. யோசிச்சிருந்தா உடைச்சிருக்கமாட்டேனோ என்னமோ."

"இப்படி உள்ளதச் சொல்ற வரைக்கும் நீங்க நல்லவரு சாமி."

"துணியை மட்டும் ஜன்னல்ல போடாதே."

அந்தக் கதவை அறிவு திறக்கவில்லை என்பதை மறைப்பதில் பயனில்லை. எத்தனை முறை எடுத்துச் சொல்லியும் திறக்காதது, ஒரு பெரிய மனிதரின் கழுத்தில் விழுந்த மாலைக்காகத் திறந்தது. ஒரு கூடம் நிறைந்த தாய்மாரின் உயிருக்கு இல்லாத எடை ஒரு மாலைக்கு இருந்தது. மங்கையர்க்கரசி அம்மாளுக்கும் அதில் மனக்கசப்பு உண்டு. வெட்கத்தால் திறந்த கதவு, வெட்கம் மறந்ததும் மூடிக்கொள்ளும் என்று அவர் அறிந்திருந்தார். ஆகையால் அதைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். நாள்தோறும் விடிந்ததும் தாழ்ப்பாளை நீக்கி ஒருமுறை அகலத் திறந்து மூடுவார். ஊர்ப் பெண்கள் எண்ணெய் தேய்த்து முழுகும் வெள்ளிக்கிழமைகளில், விதவைக்கு என்று விலக்கிய அந்த எண்ணெயைக் கீல்களுக்கு விடுவார். "நான்தான் முழுகக் கூடாது, இது முழுகட்டும்" என்பார்.

அடுத்த ஆண்டு துரை பரிசோதனைக்கு வந்தார். வாளிகளைப் பார்த்தார். கூடத்தின் கோடிவரை நடந்து மேற்குக் கதவைத் தள்ளினார். அது திறந்தது.

"வெரிகுட்" என்றார். போன ஆண்டு சொன்ன அதே சொல், அதே குரல்.

மங்கையர்க்கரசி அம்மாள் எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிழக்கு வாசலுக்கு வந்து நின்றார். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு தெருமுனை திரும்பியது. அதற்குப் பிறகும் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

தச்சர் வரவில்லை.